இரண்டுக்கும் நூறுக்கும் நடுவே ஒரு முழம் வயர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். "வேகக் கணக்கப் பத்தி எழுதுங்க மேடம். டெலிபோன் லைனோட வேகத்தைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேகத்துக்கு மாத்தறப்ப பசங்க ரொம்பத் தடுமாறுறாங்க" என்றார்கள். இதற்கு என்னை ஏன் தேடி வந்தார்கள் என்று தெரியவில்லை. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனே அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும். ஆனாலும் ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்றா சொல்வாள்? ஒத்துக்கொண்டேன்.

கணக்கை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். நம் டெலிபோன் ஆட்களின் அளவுகோல் ஒரு மனிதக் குரல். ஒருவர் போனில் பேசும் பேச்சைக் கொண்டுபோக அறுபத்து நான்கு கிலோபிட் வேண்டும். அப்படி முப்பத்திரண்டைக் கட்டாகக் கட்டினால் ரெண்டு மெகா லைன். அந்த முப்பத்திரண்டில் ஒன்று, இரு முனைகளும் தாளம் தப்பாமல் இருப்பதற்கே போய்விடும். மிச்சம்தான் சரக்குக்கு. கம்ப்யூட்டர்காரர்கள் குரலிலிருந்து புறப்பட்டவர்கள் அல்ல. பத்து, நூறு, ஆயிரம் என்று சைபர் சேர்த்துக்கொண்டே போனவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கன்வெர்ட்டர் பெட்டியை வைத்து, இந்தப் பக்கத்து இரண்டை அந்தப் பக்கத்துப் பத்தோடும் நூறோடும் பேச வைக்கிறோம். இதற்கு மேல், கோப்பின் அளவைச் சொல்பவர்கள் பைட்டில் சொல்வார்கள், எட்டு பிட் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தலைமையாசிரியர் என்னிடம், "ரெண்டு மெகான்னு சொல்லிட்டு கால் மெகாதான் குடுக்கறீங்க. பால்காரன்கூட இவ்வளவு தண்ணி ஊத்தமாட்டான்" என்று சண்டைக்கு வந்தார். அவர் கணக்கு வாத்தியார். எட்டால் வகுத்துக் காட்டியதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கணக்கு இவ்வளவுதான். கணக்கில் தப்பு விட்டு யாரும் பெரிய ஆபத்தில் மாட்டி நான் பார்த்ததில்லை. கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் காரியம் கெட்டுப்போக இருந்த ஒரு காலை நேரத்தைப் பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் சிலரின் பழக்கவழக்கங்களைச் சொல்லிவிட வேண்டும். முதலில் நம் பழக்கம். குரலை வைத்துத் தொழில் செய்தவர்கள் என்பதால், ஒரு கம்பியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்பது நமக்கு மூச்சு விடுவது போன்ற விஷயம். நீங்கள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் "ம்" கொட்டுகிறார், குறுக்கே கேள்வி கேட்கிறார். லைன் திணறுவதில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் லேன் என்று சொல்லும் வலை பிறந்த விதம் வேறு. ஒரே வயரில் பலர் இருந்தார்கள். ஒருவர் பேசினால் மற்றவர் வாய் மூடிக் காத்திருக்க வேண்டும். இருவர் சேர்ந்து பேசிவிட்டால் மோதல், இருவரும் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். இப்போதைய லேன் பெட்டிகள் இரண்டு பக்கமும் பேசக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் எதிரில் இருக்கும் பெட்டி தன்னைப் பற்றி எதுவும் சொல்லாமல் உம்மென்று இருந்தால், லேன் பெட்டிக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே பழைய மரியாதைக்குத் திரும்பி, ஒருவர் பேச ஒருவர் காத்திருக்கும் முறையில் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது என் மேலதிகாரியின் பழக்கம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. தருமபுரி அலுவலகத்தில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர். பெட்டிகள் தாமாக எதையும் முடிவு செய்வது அவருக்கு அறவே ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. ஒரு மழைக்காலத்தில் மொரப்பூரில் ஒரு வாடிக்கையாளரிடம் வைத்த பெட்டியைத் தானியங்கியாக விட்டிருந்தார்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது ஒவ்வொரு வேகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மக்கர் செய்யும். அதன் ஒற்றைப் பொத்தானை அழுத்துவதற்காக அவர் நனைந்துகொண்டே பஸ் ஏறிப் போய் வந்தார், ஒரு தடவை அல்ல, மழைக்காலம் முழுக்க. அதன் பிறகு எந்தக் கன்வெர்ட்டரையும் அவர் தானியங்கியாக விட்டதில்லை. உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுகளைக் கையால் தள்ளி, இந்த வேகம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச்சு என்று நிலைநிறுத்துவார். மூடியைப் போட்டுக் காகித சீல் ஒட்டிக் கையெழுத்தும் போடுவார். "மெஷின் யோசிக்கக் கூடாதும்மா. யோசிக்கறதுக்கு நமக்குத்தான் சம்பளம்" என்பார். அந்த சீலைப் பிரிக்க அவர் ஒருவருக்குத்தான் அனுமதி.

இன்னொன்றும் உண்டு, அது நம் எல்லோருக்கும் பொதுவான வழக்கம். நம் பெட்டி வரைதான் நம் எல்லை. அதன் முன்பக்கத்து ஓட்டையில் செருகிய வயர் எங்கே போகிறது என்று நாம் பார்க்கமாட்டோம். வாடிக்கையாளரின் பெட்டி என்பது சம்பந்தி வீட்டு அடுப்பங்கரை. எட்டிப் பார்த்தால் மரியாதை இல்லை, கருத்துச் சொன்னால் சண்டை.

இனி நடந்ததற்கு வருகிறேன். கம்பைநல்லூருக்கு அந்தப் பக்கம் விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து ஒரு பட்டுக்கூடு ஏலக் கூடம் நடத்தினார்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் கூடுகளைக் கொண்டுவருவார்கள், நூல் எடுப்பவர்கள் கர்நாடகத்திலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்து ஏலத்தில் எடுப்பார்கள். முன்பெல்லாம் வாயால்தான் ஏலம். வாங்குபவர்கள் வெளியே கடையில் ஒன்றாக டீ குடித்துவிட்டு உள்ளே வருவார்கள். உள்ளே வரும்போது விலை முடிவாகியிருக்கும். இதற்கு ஒரு வழி பண்ணத்தான் சங்கத்தார் கம்ப்யூட்டர் ஏலத்துக்கு மாறினார்கள். ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு திரை. யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. உயர்ந்த விலை மட்டும் சுவரில் பெரிதாகத் தெரியும். ஏலத்தை நடத்தும் கம்ப்யூட்டர் சேலத்தில் இருந்தது. அதுவரை போக நாங்கள் ரெண்டு மெகா லைன் கொடுத்தோம். என் அதிகாரி நேரில் போய்ப் பெட்டியை வைத்தார். "ரெண்டு மெகா லைனுக்குப் பத்து மெகா வாசல் போதும்" என்று லேன் பக்கத்தைப் பத்தில் நிறுத்தி சீல் ஒட்டிவிட்டு வந்தார். இரண்டு திரைகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். நன்றாக ஓடியது.

கம்ப்யூட்டர் ஏலத்தின் முதல் சந்தை நாளன்று காலை சங்கச் செயலாளரிடமிருந்து போன் வந்தது. "மேடம், ஏலம் அப்பிடியே நின்னு போச்சுங்க. கூடம் நெறையக் கூடு. யாராச்சும் வாங்க."

போனேன். கூடம் முழுக்க பிளாஸ்டிக் கூடைகள், வெள்ளையும் மஞ்சளுமாகக் கூடுகள். வாங்குபவர்கள் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு விலை தெரியும், உறையும், ரொம்ப நேரம் கழித்து இன்னொரு விலை வரும். அதற்குள் அந்தக் கூடைக்கான நேரம் முடிந்துபோய், யார் எடுத்தார் என்பதே தகராறு ஆகிவிடும்.

செயலாளரோடு ஓர் இளைஞர் நின்றிருந்தார். பெயர் பிரபு. கூடத்தின் கம்ப்யூட்டர்களை அமைத்துக் கொடுத்த சேலம் கம்பெனியின் ஆள். கெட்டிக்காரர். கோபமாக இருந்தார்.

"எங்க லேன் நூறுல ஓடுதுங்க மேடம். உங்க பொட்டி செருகின எடத்துல மட்டும் பத்துன்னு காட்டுது. அதுக்கும் பின்னால லைனு ரெண்டு. எப்புடிங்க பத்தும்?"

செயலாளர் அதையே பிடித்துக்கொண்டார். "அப்ப பெரிய லைனா குடுத்துருங்க மேடம். எழுதிக் குடுக்கறோம்."

பெரிய லைன் வருவதற்கு மாதங்கள் ஆகும். அது வேறு விஷயம். லைன் போதவில்லை என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். போதவில்லை என்பது எல்லோருக்கும் வசதியான பதில், யாரையும் குறை சொல்லாமல் செலவை மட்டும் ஏற்றிவிட்டுப் போகலாம். நான் கணக்குப் போட்டேன். ஒரு விலையைத் தட்டி அனுப்பினால் போகும் சரக்கு மிகக் கொஞ்சம். கூடத்துத் திரைகள் அத்தனையும் ஒரே நொடியில் விலை போட்டாலும் ரெண்டு மெகாவில் கால் பங்குகூட நிரம்பாது. அதனால் லைன் சின்னது என்பது காரணம் அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உண்மையான காரணம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

லைனைச் சோதித்தேன். சேலம் முனையைத் திருப்பிக் கட்டி, அனுப்பியதெல்லாம் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். ஒரு பிட்கூடப் பிசகவில்லை. பிரபுவும் அவர் பக்கத்தைச் சோதித்தார். கூடத்துக்குள் திரைக்குத் திரை எல்லாம் பறந்தது. அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் உண்மை சொல்கிறோம், ஏலம் நடக்கவில்லை.

அந்த நேரத்தில் ஓர் அம்மா என் அருகில் வந்தார். இண்டூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர், பெயர் சரோஜா. என்னைவிடக் கொஞ்சம் இளையவர். அவருக்குப் பின்னால் ஒரு வாங்குபவர், கர்நாடகப் பக்கத்துக்காரர், சரோஜாவின் கூடையிலிருந்து ஒரு கூட்டை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் புழுவின் பக்குவம் அந்தச் சத்தத்தில் தெரியும்.

"டைம் ஆச்சு அக்கா" என்றார் அவர். "இன்னிக்கு ஆகல்லன்னா இது வேஸ்ட்டு. தனியா குடுங்க, நான் எடுத்துக்கறேன்." பிறகு செயலாளரைப் பார்த்து, "இந்த மெஷின் எல்லாம் எதுக்கு சார், வாயிலயே கூப்பிடுங்க. இல்லாட்டி நாங்க கெளம்பறோம்" என்று சொல்லிவிட்டு, துணைக்கு வந்தவரிடம் கன்னடத்தில் "ஹோகோணா" என்றார். அந்த ஆளும் வண்டிச் சாவியை எடுத்தார்.

சரோஜா என்னிடம் மெதுவாகப் பேசினார். "போன சந்தைக்கே கொண்டாற வேண்டியதுங்க மேடம். மழையில வண்டி வல்ல. இன்னைக்கு வுட்டா பூச்சி ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்துரும். ஓட்டை வுழுந்த கூட்டுல நூலு எடுக்க முடியாதுங்க, அறுந்து அறுந்து போவும். யாரு வாங்குவாங்க? போன வெள்ளாமையும் நோவு வந்து போச்சு. இதுவும் போச்சுன்னா மல்பெரிச் செடியப் புடுங்கிப் போட்டுட்டு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போவறதுதான். நீங்க ஒண்ணு சொல்லுங்க. இந்த ஏலம் ஆவுமா, ஆவாதா? ஆவாதுன்னா அவருகிட்டயே குடுத்துட்டுப் போறேன். குடுக்கறதைக் குடுக்கட்டும்."

எனக்கு அப்போது பயமாக இருந்தது. லைன் பழுதைப் பார்த்துப் பயந்ததில்லை, அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஆகும் என்று சொல்லி ஆகாமல் போனால் அந்தக் கூடைகள் என் வாயால் கெட்டதாகும். ஆகாது என்று சொன்னால் அவர் அங்கேயே அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவார். "இன்னும் தெரியலீங்க. தெரிஞ்சதும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்" என்றேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிப் பழகுங்கள், கேட்பவர் திட்டினாலும் சரி.

செயலாளரிடம் கேட்டு எல்லோரையும் திரையிலிருந்து கையை எடுக்கச் சொன்னேன். ஒருவரை மட்டும் விலை போடச் சொன்னேன். சுவரில் டக்கென்று வந்தது. இரண்டு பேர் போட்டார்கள், அதுவும் வந்தது. எல்லோரும் போட்டார்கள், உறைந்துவிட்டது. ஒவ்வொருவராகப் போட்டால் ஓடும். ஆனால் அடுத்தவர் விலையைப் பார்த்து மேலே ஏற்றுவதுதானே ஏலம்? விலைகள் இங்கிருந்து போகும் அதே நேரத்தில் புது விலைகள் அங்கிருந்து வர வேண்டும். போவதும் வருவதும் சேர்ந்தால்தான் கெடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும்போது மட்டும் கெடும் ஒரு நோயை, பிறந்ததிலிருந்து இரண்டு பக்கமும் பேசிப் பழகிய நம் ஆட்கள் எவரும் சந்தேகப்படமாட்டார்கள். நானும் அதுவரை சந்தேகப்படவில்லை.

எங்கள் பெட்டி ஒரு சுவரில், பிரபுவின் லேன் பெட்டி பக்கத்துச் சுவரில். நடுவில் ஒரு முழம் வயர். அன்று காலையிலிருந்து அவர் தன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் பெட்டியை மற்றவர் பார்க்கவில்லை. சம்பந்தி வீட்டு அடுப்பங்கரை என்று சொன்னேனே, அதுதான். அப்போதுதான் மூலையில் போய் நின்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு பெட்டியிலும் ஒரே விதமான சின்ன விளக்கு ஒன்று உண்டு, இரு வழியும் ஒரே நேரத்தில் பேச்சு நடக்கிறது என்பதற்கு அடையாளமாக. எங்கள் பெட்டியில் அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பிரபுவின் பெட்டியில், எங்கள் வயர் செருகிய இடத்தில், அது அணைந்திருந்தது.

"பிரபு, உங்க பொட்டி தானா கண்டுபுடிக்கற மாதிரிதானே இருக்கு?"

"ஆமாங்க மேடம். எல்லாமே ஆட்டோதான். அதுல கையால வைக்கற வசதி இல்ல, சாதா பொட்டி." பிறகு அவரும் மூலைக்கு வந்து நின்று பார்த்தார். "உங்களுது கையால பூட்டி வச்சிருக்கா?"

"பூட்டி சீலும் ஒட்டியிருக்கு."

என் அதிகாரி பூட்டிய பெட்டி தன்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லாது. அதன் வேலை பேசுவது. பிரபுவின் பெட்டி கேட்டுப் பார்த்திருக்கிறது, பதில் இல்லை. வேகம் பத்து என்று மட்டும் மோப்பம் பிடித்துக்கொண்டு, மற்றதில் பழைய மரியாதைக்குப் போய்விட்டது. நாங்கள் பேசி முடிக்கட்டும் என்று அது காத்திருக்க, எங்கள் பெட்டி நிறுத்தாமல் பேச, அது வாய் திறக்கும்போதெல்லாம் மோதல். ஒத்திகையில் இரண்டே திரைகள், அதிகம் மோதவில்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கோளாறு இது. என் அதிகாரி கொஞ்சம் அலட்சியமானவராக இருந்திருந்தால் அந்தக் காலை ஏலம் நடந்திருக்கும்.

தீர்வு எளிது. எங்கள் பெட்டியைத் திறந்து தானியங்கிக்கு மாற்ற வேண்டும். ஆனால் மாற்றினால் பெட்டியை அணைத்துப் போட வேண்டும். லைன் அறுந்தால் அதுவரை பதிவான விலைகள் ரத்து என்பது ஏலத்தின் விதி. காலையில் எப்படியோ விலை பதிவாகியிருந்த சிலர், "இருக்கறதைக் கெடுக்காதீங்க" என்று சத்தம் போட்டார்கள். வாங்குபவர்கள் சாவியோடு நின்றார்கள். பெட்டி திரும்ப வராவிட்டால் எல்லோருக்குமே நட்டம். போதாக்குறைக்கு சீல் வேறு.

அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"நம்ம பக்கம் கிளியரா?" என்றார்.

"கிளியருங்க சார்."

"அப்ப ரிப்போர்ட் எழுதிக் குடுத்துட்டு வாம்மா. லைன் சுத்தம்னு கையெழுத்துப் போடு. மிச்சம் அவங்க பாடு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க முடியாது. பாதுகாப்பான பதில் உங்கள் கைக்குத் தானாக வந்து சேரும் நேரங்களில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

"சார், நம்ம லைனும் சுத்தம், அவங்க லேனும் சுத்தம். நம்ம பொட்டி பூட்டியிருக்கு, அவங்க பொட்டி ஆட்டோ. நம்ம வெளக்கு எரியுது, அவங்களுது எரியல. அவங்க பொட்டியப் பூட்ட வழியில்லீங்க."

பூட்டியவர் அவர். அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, அவருக்கே புரியும் என்று விட்டுவிட்டேன்.

"அப்ப நம்மதான் எறங்கணுமா?"

"ஆமாங்க சார்."

"சீலை ஒடச்சா நான் உனக்கு மெமோ குடுத்தாகணும். நீதான் ஒடச்சன்னு இருக்கும்."

"குடுங்க சார்."

பிறகு, "சரி. எந்த சுவிட்ச்சைத் தள்ளப் போற, சொல்லு" என்றார். சொன்னேன். "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல. மேல தள்ளு. பவர ஒடனே போடாத. எல்லா வெளக்கும் நல்லா அணையட்டும். அப்புறம் போடு. போன வைக்காத, நான் லைன்ல இருக்கேன்."

வேலையில் இறங்குவதற்கு முன் செயலாளரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எல்லோரிடமும் சத்தமாகச் சொன்னேன். லைனை நானேதான் அறுக்கப் போகிறேன். பதிவான விலைகள் போய்விடும். திரும்ப வந்தால் ஏலம் முதலிலிருந்து நடக்கும். வராவிட்டால் இன்றைக்கு இந்த லைனில் ஏலம் கிடையாது. ஒருவர் என்னைத் திட்டினார். செயலாளர் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்துவிட்டு, "செய்ங்க மேடம். இப்பிடி இழுத்துக்கிட்டுக் கெடக்கறதுக்கு அது மேலு" என்றார்.

சரோஜாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, அவரிடம் போனேன். அந்த வாங்குபவர் அவருடைய கூடைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். "அவருகிட்ட குடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சரிவரும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது, உறுதி இல்லை. அதையும் சொன்னேன். சரோஜா கூடையை இழுத்துத் தன் காலருகே வைத்துக்கொண்டார்.

சீலைக் கிழித்தேன். மூடியைக் கழற்றி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சுவிட்சைத் தள்ளினேன். பவரை எடுத்தேன். சுவரில் இருந்த விலை மறைந்தது. எல்லா விளக்கும் அணையும் வரை காத்திருந்து மறுபடி போட்டேன். எங்கள் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் அதைப் பார்க்கவில்லை, பிரபுவின் பெட்டியைப் பார்த்தேன். அவர் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுது எரியுதுங்க மேடம்" என்றார் அவர்.

"உங்களுதும் எரியுது" என்றேன்.

"என்னாச்சு?" என்றது போன்.

"ரெண்டும் எரியுதுங்க சார்."

"சரி" என்று வைத்துவிட்டார்.

ஏலம் முதலிலிருந்து தொடங்கியது. சாவியை எடுத்தவர்கள் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள், சுவரில் விலை ஏறிக்கொண்டே போனது. சரோஜாவின் கூடைகள் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தன. அவர் நினைத்திருந்த விலை கிடைக்கவில்லை, கூடு ஒரு சந்தை பிந்திவிட்டதே. ஆனால் தனியாகக் கொடு என்று கேட்டவர் தந்திருக்கக்கூடிய விலையைவிட எவ்வளவோ மேல். கடைசியில் எடுத்தவரும் அவரேதான். திரையில் போட்டிக்கு ஆள் இருந்ததால் ஏற்றிப் போட வேண்டியிருந்தது. அவர் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. "நல்ல கூடு அக்கா" என்று சொல்லிவிட்டு எடை போடக் கொண்டுபோனார்.

மெமோ வந்தது. சொன்னால் சொன்னபடி செய்கிறவர் அவர். சீலை ஏன் உடைத்தாய் என்று கேட்டிருந்தார், உடைத்ததற்கு அவரே போனில் துணை நின்றதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எனக்கு அப்போது கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிந்திய வாரங்களில் மாவட்டத்தில் இருந்த எங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய், வாடிக்கையாளரின் பெட்டியையும் எட்டிப் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் தன் சீலைத் தானே கிழித்துவிட்டு வந்தார். யாரையும் அனுப்பவில்லை. அந்தக் கோபம் எப்போது போனது என்று எனக்கு நினைவில்லை.

உங்கள் காலத்தில் இரண்டும் இல்லை, பத்தும் இல்லை. கண்ணாடி இழையும் ஆயிரமும் பத்தாயிரமும் வந்துவிட்டன. ஆனாலும் எங்கோ ஓரிடத்தில் உங்கள் பெட்டியும் அடுத்தவர் பெட்டியும் ஒரு முழ வயரில் சந்திக்கத்தான் போகின்றன. அங்கே போய் நில்லுங்கள் என்பதைத் தவிர என்னிடம் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் எங்கள் வண்டி வேறு வேலைக்குப் போய்விட்டதால் நான் பஸ்ஸில் தருமபுரிக்குத் திரும்பினேன். சரோஜாவும் அதே பஸ்ஸில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். காலிக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் காலடியில் வைத்திருந்தார்.

"அந்தப் பொட்டிக்கு என்னங்க மேடம் கோளாறு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். ரெண்டு மெகா, பத்து மெகா எல்லாம் சொல்லி, அது அதற்குக் காரணம் இல்லை என்றும் சொல்லி, ஒரு பெட்டி பேசிக்கொண்டே இருக்கும், இன்னொரு பெட்டி அது நிறுத்தட்டும் என்று காத்திருக்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அந்தப் பையன் பொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாங்க."

"உங்க பொட்டியும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமாங்க."

"உங்க ரெண்டு பேரு மேலயும் ஒரு தப்பும் இல்ல."

"இல்லீங்க."

அவர் காலிக் கூடைகளைக் காலால் உள்ளே தள்ளி வைத்தார். பிறகு, "எங்க மேல தப்பில்லன்னு சொல்லிட்டு நீங்க ரெண்டு பேரும் காலையிலயே வூட்டுக்குப் போயிருந்தா, நாளைக்கு நான் செடியப் புடுங்கிக்கிட்டு இருப்பேன்" என்றார்.

கண்டக்டர் வந்தார். நான் பையைத் திறப்பதற்குள் சரோஜா காசை நீட்டி, "தருமபுரிக்கு ரெண்டு" என்றார். நான் மறுக்கவில்லை.